முனீஸ்வரன் நிறுத்தம்

டிரைவர் ஃபுர்ட்டாடோ ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் முழங்கால் போடுவார். மற்ற ஆறு நாளும் முனீஸ்வரனுக்குத் தேங்காய் உடைப்பார்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது சாலமோனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ரயில் என்பதே அந்தச் சீமைக்குப் புதுசு. கொற்றங்குப்பம் துறைமுகத்திலிருந்து மேலப்பேட்டை வரை ஒற்றைத் தண்டவாளம். கப்பலில் வந்து இறங்கிய மூன்று எஞ்சின்கள். அவற்றில் பெரியதன் நெற்றியில் 'லேடி ஹாரியட்' என்று பித்தளை எழுத்து. கூலிகளுக்கு அது ஹாரியட்டம்மா. இந்த ஹாரியட்டம்மா உப்பங்கழிப் பாலத்துக்கு முன்னால், மேடேறி முடிந்ததும், பெருமூச்சு விட்டு நின்றுவிடுவாள். ஃபுர்ட்டாடோ இறங்குவார். வேலமரத்தடியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த கருங்கல் ஒன்று உண்டு. தேங்காயை உடைத்து ஒரு மூடியை ஃபயர்மேன் மஸ்தானிடம் கொடுப்பார். ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் முன் வைப்பார், இன்னொன்றைத் தான் பிடிப்பார். சுருட்டு முடிந்தால் வண்டி கிளம்பும்.

"நீங்க கத்தோலிக்கர்தானே?" என்றான் சாலமோன்.

"ஆமா."

"மஸ்தான் பாய் அஞ்சு வேளை தொழறவர்."

"அதுவும் ஆமா."

"அப்புறம் இது என்ன?"

"இதையெல்லாம் முனீஸ்வரன்கிட்ட யாரும் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க, வாட்ச்காரரே."

கரி அப்பிய தாடிக்குள் மஸ்தான் சிரித்தார். சாலமோன் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பா உபதேசியார். ஊர் ஊராகப் போய் இந்த மாதிரிக் கற்களைப் பிடுங்கிக் கிணற்றில் போடுவதையே ஊழியமாகச் செய்தவர். ஊரார் அடித்து மண்டையை உடைத்த பிறகும் கட்டோடு போய்ப் பிடுங்கியவர்.

சாலமோன் கடிகாரம் ரிப்பேர் செய்பவன். எஞ்சினில் அவனுக்கு என்ன வேலை என்று மஸ்தான் முதல் நாளே கேட்டுவிட்டார். அவன் பதில் சொல்லாமல், தான் கொண்டுவந்த இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு பித்தளை உருளை. உருளை முழுக்க ஆணிகள்.

"சக்கரம் சுத்தச் சுத்த உருளையும் சுத்தும், பாய். டிரைவர் எந்த இடத்துல லீவரைத் தொட்டாலும் அந்த இடத்து ஆணி ஒரு மயிரளவு எழும்பும். அடுத்த நாளும் அதே இடத்துல அதே காரியம் செஞ்சார்னா இன்னொரு மயிரளவு. போகப்போக ஆணி முழுசா எழும்பிடும்."

"எழும்பினா?"

"அதுவே லீவரைத் தள்ளும். டிரைவர் தள்ள வேண்டாம்."

மஸ்தான் கரி மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்தார். "அப்ப டிரைவர் துரை என்ன செய்வாரு?"

"மேற்பார்வை."

"யாரை?"

சாலமோன் பெட்டியை மூடினான்.

ஃபுர்ட்டாடோ இதைப் பற்றி ஒன்றுமே கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், பெட்டிக்கு எண்ணெய் போடும்போது பக்கத்தில் வந்து நின்று, "இது ஒண்ணும் கேக்காமலே கத்துக்குது. எம் பையன்களைவிடத் தேவலை" என்றார். பெட்டிக்குக் கற்றுக்கொடுக்காவிட்டால் இன்றே வேலை போகும், கற்றுக்கொடுத்தால் கொஞ்ச நாள் கழித்துப் போகும் என்று ரயில் கம்பெனி ஏஜெண்ட் தெளிவாகவே சொல்லியிருந்தார். ஃபுர்ட்டாடோ கொஞ்ச நாளைத் தேர்ந்தெடுத்தார். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் பழக்கப் பெட்டி பழகிவிட்டது. கூலிகள் வைத்த பேர் அதுதான். கம்பெனி வைத்த பேர் நீளமானது, யாருக்கும் நினைவில்லை. அத்தனை நாளும் சாலமோன் எஞ்சினிலேயே இருந்தான். பாலத்து மேட்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் பெட்டிக்குள் தலையை விட்டு ஆணிகளைத் தடவிக்கொண்டிருந்தான். வெளியே ஏதோ பெண்கள் குரல், சிரிப்பு, கொலுசு. அவன் தலையைத் தூக்கியதில்லை. கல்லைப் பார்க்க நேரிடுமே என்ற எரிச்சல்தான்.

ஏஜெண்ட் பிரிம்லோ துரை பட்டறைக்கு வந்து உருளையைச் சோதித்தார். துறைமுகம் முதல் மேலப்பேட்டை வரை மொத்தப் பாதையும் ஆணிகளாக எழும்பி நின்றது. நடுவில் ஓரிடத்தில் ஒரு கற்றை ஆணி மட்டும் தேய்ந்து பளபளத்தது.

"இது என்ன?"

"முனீஸ்வரன், சார்."

துரை பெருமூச்சு விட்டார். "டிரைவர்கள் அங்கே நிறுத்துவதை நான் தடுக்கவில்லை. வடக்கே சிப்பாய்களின் தோட்டாவில் கொழுப்புத் தடவியதில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சாமி விஷயத்தில் கம்பெனி கை வைக்காது. ஆனால் சாலமோன், பெட்டிக்கு என்ன மதம்?"

"ஒன்றுமில்லை, சார்."

"அப்படியானால் அது எதற்காக நிற்க வேண்டும்?"

சாலமோனுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அரத்தை எடுத்தான். ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே அந்த ஆணிக் கற்றையை அடியோடு அராவித் தள்ளினான். அப்பா உயிரோடு இருந்தால் வந்து கட்டிப்பிடித்திருப்பார். கல்லைத் தொடாமலே ஒரு முனீஸ்வரன் காலி.

வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தார்கள். மனிதக் கை படாத ஓட்டம் என்று பத்திரிகையில் போட்டார்கள். டிரைவர்கள் யாரும் வயிற்றெரிச்சலில் எதையாவது செய்துவிடக் கூடாது என்று, லீவருக்கும் பிரேக்குக்கும் இரும்புக் கூண்டு அடித்துப் பூட்டினார்கள். சாவி ஏஜெண்ட் கோட்டுப் பையில். எஞ்சினில் மஸ்தான் மட்டும் இருப்பார். பெட்டிக்குக் கரி அள்ளத் தெரியாது. கரி அள்ளுவதைக் கை என்று யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று பிளாட்பாரம் முழுக்கத் தோரணம். கலெக்டர் வந்திருந்தார், ஒரு ஜெனரலின் மனைவி வந்திருந்தாள், பத்திரிகைக்காரர் வந்திருந்தார். ஃபுர்ட்டாடோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். துவைத்த சட்டை. நகக்கண்ணில் மட்டும் கரி.

முதல் கோச்சின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சாலமோனிடம் வந்தார். "நல்லபடியா போய்ட்டு வாங்க. பாலத்து மேட்டுல கொஞ்சம் முன்னாலயே வேகம் கொறையும், பயந்துடாதீங்க. நான் அப்படித்தான் பழக்கியிருக்கேன்."

"பாலத்துல நிக்காது."

"நிக்கும்."

"இல்லை, அந்த ஆணியெல்லாம் எடுத்தாச்சு. துரை உத்தரவு."

ஃபுர்ட்டாடோவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தொப்பி மட்டும் கீழே விழுந்தது.

"உப்புக்காரங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"எந்த உப்புக்காரங்க?"

ஊதல் அலறியது. அதை ஊதியதும் பெட்டிதான். வண்டி நகர்ந்தது, கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஃபுர்ட்டாடோ ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அந்த வயசில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"உப்பளத்துப் பொம்பளைங்க! கூடையோட பாலத்துலதான் அக்கரைக்குப் போவாங்க! வேற வழி கிடையாது! நம்ம ஊதல் கேட்டாத்தான் பாலத்துல ஏறுவாங்க!"

"ஊதல் கேட்டா இறங்கத்தானே வேணும்?"

"யோவ், வண்டி எங்க இருக்குன்னு தெரியாதப்ப எவ ஏறுவா? வளைவுல எப்ப என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? நிக்கிற வண்டிதான்யா நம்பகமான வண்டி! கல்லுகிட்ட நான் நிக்கிறேன், அவங்க போறாங்க, கடைசிக் கூடை இறங்கினதும் சுருட்டை..."

பிளாட்பாரம் முடிந்துவிட்டது. ஃபுர்ட்டாடோவும் முடிந்துவிட்டார். கற்றூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பது சிறிதாகிக்கொண்டே போனது.

சாலமோன் எதிர் இருக்கையைப் பார்த்தான். ஏஜெண்ட் ஜெனரலின் மனைவிக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், சாவி வேண்டும். வண்டியை நிறுத்த வேண்டும். பாலத்தின் மேல் பெண்கள் நடப்பார்கள்."

"பாலத்தின் மேல் நடப்பது சட்டவிரோதம்."

"ஆமாம், சார். நடப்பார்கள்."

"சட்டவிரோதம் என்று பலகை வைத்திருக்கிறோம், சாலமோன். இரண்டு மொழியில்."

"அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, சார்."

"அதற்குப் பெட்டி பொறுப்பில்லை." அவர் ஆரஞ்சுத் தோலை ஜன்னலுக்கு வெளியே போட்டார். "நீ உன் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாசலில் நின்று அழுகிறாய். உட்கார்."

உட்கார்ந்தான். கோச்சுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்வழி கிடையாது. வெளியே படிப்பலகையைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு போகலாம். போனாலும் கூண்டில் பூட்டு. அந்தப் பூட்டைத் தேடித்தேடி வாங்கியவனும் அவன்தான், நல்ல பூட்டு. சாவியை எடுக்க ஏஜெண்டின் கோட்டுக்குள் கைவிட வேண்டும். அவன் கை ஒரு தடவை அந்தப் பக்கம் போகவே செய்தது. ஜெனரலின் மனைவி அந்தக் கையில் ஆரஞ்சுச் சுளை ஒன்றை வைத்தாள்.

வளைவு வந்தது. ஊதல் மறுபடி அலறியது, ஃபுர்ட்டாடோ எப்போதும் ஊதும் அதே இடத்தில், அதே நீளத்துக்கு.

சாலமோன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். முதல் தடவையாகப் பார்த்தான்.

பாலத்தில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தலையில் உப்புக் கூடை, ஒருத்தி பின்னால் ஒருத்தி, தண்டவாளத்துக்கு நடுவே கட்டையிலிருந்து கட்டைக்குக் கால் வைத்து. இரண்டு பக்கமும் கைப்பிடி இல்லை. கீழே கழி, சேறு. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் நிற்கிற வண்டியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அவன் கத்தினான். புகை அதை வாங்கிக்கொண்டது.

மேடு தொடங்கியது. வண்டி கொஞ்சம் தணிந்தது. மனசு அப்படி நினைக்கிறது, அவ்வளவுதான் என்று எண்ணினான். பிறகு வேலமரம் ஓட வேண்டிய வேகத்தில் ஓடவில்லை, நடந்துதான் வந்தது. ஹாரியட்டம்மாவின் மூச்சு இரண்டுக்கு ஒன்றாகக் குறைந்தது. இருமினாள். இன்னொரு தடவை இருமினாள். மேட்டின் உச்சியில், கல்லுக்கு நேர் எதிரே, ஒரு குலுக்கலோடு நின்றாள்.

பாலத்தில் பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

சாலமோன் குதித்து முன்னால் ஓடினான். எஞ்சினில் கூண்டு பூட்டியபடியே இருந்தது. நீராவி லீவர் திறந்தபடியே இருந்தது. அழுத்தமானியின் முள் மட்டும் அடியில் படுத்துக் கிடந்தது. நெருப்பு வாசல் பிளந்திருந்தது, உள்ளே தணல் சாம்பல் பூத்திருந்தது. தண்ணீர்க் குழாய் முழுசாகத் திறந்து, பாய்லருக்குள் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மஸ்தான் கரிக் குவியல் மேல் உட்கார்ந்து தேங்காய்ச் சில்லு கடித்துக்கொண்டிருந்தார்.

"பாய்... கரி போடலியா?"

"இங்க எப்பவும் நிக்கும்ல? நிக்கிற எடத்துக்கு முன்னால நான் போட மாட்டேன். வீணாப் போவும்."

"தண்ணியைத் திறந்துவிட்டிருக்கீங்க."

"நிக்கும்போது பாய்லரை ரொப்பிக்கிறது பழக்கம்." சில்லை மென்று விழுங்கினார். "ஒங்க பெட்டி டிரைவர் துரை கையைத்தானே படிச்சுது? என் கையை யாரு கேட்டா?"

"ஆணியை எடுத்துட்டது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

மஸ்தான் அவனை நிதானமாகப் பார்த்தார். "எனக்கு என்னாங்க தெரியும்? நான் கரி அள்றவன்."

கடைசிக் கூடைக்காரி பாலம் ஏறுவதற்கு முன் கல்லண்டை நின்றாள். அவள் பெயர் பச்சையம்மாள் என்பது பிறகு தெரிந்தது. எஞ்சினை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, தொர வரல? சாமிக்குச் சுருட்டு யாரு வெப்பா?"

"இன்னிக்கு அவர் லீவு" என்றான் சாலமோன்.

"நீ வெய்யேன். கை இன்னா சுளுக்கா?" என்று சொல்லிவிட்டு அவள் பாலத்தில் ஏறினாள்.

அதற்குள் ஏஜெண்ட், கலெக்டர், ஜெனரலின் மனைவி எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். ஜெனரலின் மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது. பத்திரிகைக்காரர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டிருந்தார்.

"சாலமோன்," ஏஜெண்டின் குரல் கோயிலுக்குள் பேசுவது போல இருந்தது. "நிறுத்தத்துக்கான ஆணியை நீதானே எடுத்தாய்?"

"ஆமாம், சார்."

"ஒன்றுகூட மிச்சமில்லையே?"

"இல்லை, சார்."

"கூண்டு பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம். ஆகவே பழக்கத்தால் நிற்கவில்லை, மனிதனும் நிறுத்தவில்லை." தொப்பியைக் கழற்றினார். "அது அவர்களைப் பார்த்தது."

"அது பார்க்கவில்லை, சார்."

"அப்படியானால் எப்படி நின்றது?"

சாலமோன் வாயைத் திறந்தான். துரையின் தோளுக்கு மேலாக மஸ்தான் தெரிந்தார். நெருப்புக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்தார், வேகமாக, முதுகைக் காட்டியபடி. உண்மையைச் சொன்னால் அந்த முதுகு சாயங்காலத்துக்குள் ஜெயிலில் இருக்கும். கம்பெனி சொத்தைக் கெடுத்தது, கலெக்டர் முன்னிலையில்.

வாயை மூடினான்.

"அடக்கம்" என்றார் ஏஜெண்ட், ஜெனரலின் மனைவியிடம்.

அழுத்தமானியின் முள் எழும்பியது. லீவர் ஏற்கெனவே திறந்துதானே கிடந்தது. கடைசிப் பெண் அக்கரையில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஹாரியட்டம்மா தானாகவே மூச்சுவிட்டாள். எல்லாரும் ஓடி ஏறினார்கள். அதற்கும் கைதட்டினார்கள்.

அந்த வாரமே தெற்கே போடும் புதுப் பாதைக்கு, எல்லா எஞ்சினுக்கும் பெட்டி என்று உத்தரவானது. முதலில் டிரைவர்கள் ஓட்டிப் பழக்குவார்கள், பழகியதும் போய்விடுவார்கள். கரி போடவும் ஒரு யந்திரம் சீமையிலிருந்து கப்பலேறிவிட்டது. பார்த்து நிற்கும் எஞ்சின் என்பதால் வேலி வேண்டாம், கேட் வேண்டாம், கேட்டுக்கு ஆள் வேண்டாம். ஏஜெண்டுக்குப் பதவி உயர்வு. சாலமோனுக்கும்தான்.

அவன் ஃபுர்ட்டாடோவைத் தேடிப் போனான். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். சாலமோன் நடந்தது அத்தனையும் சொன்னான். மஸ்தான் பாய் பற்றிச் சொன்னபோது மட்டும் கத்தி ஒரு நொடி நின்றது.

"அது எதையும் பார்க்கலை" என்றான் சாலமோன். "பார்க்கவும் பார்க்காது. நீங்க நின்ன இடத்துல நிக்கும், அவ்வளவுதான். தெற்கே எத்தனை ஒத்தையடிப் பாதை, எத்தனை வாய்க்கால்... அங்கெல்லாம் நிறுத்தம் கேட்டா குடுப்பாங்களா?"

"மாட்டாங்க. நான் கேட்டேனே."

"எப்போ?"

"முதல் மழையில. கழிப் பாலத்துல ரெண்டு பேரு. அக்கா தங்கச்சி. நான் ஓட்டலை, அன்னிக்கு வேற டிரைவர். ஆனா மறுநாள் நான்தான் அந்த வழியா ஓட்டினேன், கூடை கெடந்துச்சு." முள்ளங்கியைச் சட்டியில் தள்ளினார். "துரைகிட்டப் போய் ஒரு நிறுத்தம் குடுங்கன்னேன். டிக்கெட் வாங்கறவங்களா அவங்கன்னு கேட்டாரு. இல்லை. அப்ப நிறுத்தம் இல்லை. சரின்னு வந்துட்டேன். அதே மாசம் மேலப்பேட்டை ஸ்டேஷன் சுவர் கட்டினாங்க. நடுவுல ஒரு பாம்புப் புத்து, யாரோ மஞ்சத் துணி சுத்தியிருந்தாங்க. அதே துரை, ஒரு வார்த்தை பேசாம சுவரை வளைச்சுக் கட்டினாரு."

சாலமோன் மெல்ல உட்கார்ந்தான்.

"பொம்பளைங்களுக்கு நிக்காத கம்பெனி சாமிக்கு நிக்கும். அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது."

"கல்லு..."

"பாலம் கட்ட வந்த கல்லு. கம்பெனிக் கல்லுதான். நானும் மஸ்தானும் தூக்கிக்கிட்டு வந்து நட்டோம். குங்குமம் அவர் வெச்சாரு, எனக்குக் கை கூசுச்சு."

"வேற டிரைவருங்க?"

"எந்த டிரைவர் சாமி கல்லைத் தாண்டிச் சும்மா போவான்? அப்புறம் பாய்லர் வெடிச்சா?"

மறுநாள் சாலமோன் ஏஜெண்டின் அறைக்குப் போனான். வாழ்க்கையில் முதல் பெரிய பொய்யைச் சொல்லப் போகிறோம் என்ற பதற்றம் இருந்தது. ஆனால் வாய் சுலபமாகச் சொல்லிவிட்டது. "சார், இனிமேல் எந்த உருளையிலும் ஒரு ஆணியையும் எடுக்கக் கூடாது. சாமி நிறுத்தம் உள்பட. எடுத்தால் பெட்டியின் அறிவு கலங்கிவிடும். அப்புறம் பார்க்காது."

ஏஜெண்ட் கவலையோடு தலையசைத்தார். "யாரும் தொட மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

"பழக்கிக் கொடுக்க அனுபவமுள்ள டிரைவரும் வேண்டும். ஃபுர்ட்டாடோ இருக்கிறார்."

"எடுத்துக்கொள்."

புதுப் பாதையில் தண்டவாளம் மட்டும்தான் முடிந்திருந்தது. ஜல்லி வண்டி ஒன்று போய் வந்துகொண்டிருந்தது, அதில் மஸ்தான் ஃபயர்மேன். சாலமோன் வழித்தடத்தைச் சோதிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கூடையோடு நடந்தான். கூடையில் மஞ்சள், குங்குமம், சுருட்டு, இரண்டு கைக்கு அடங்கிய கருங்கற்கள். ஒற்றையடிப் பாதை தண்டவாளத்தைக் கடக்கும் இடமெல்லாம் நின்றான். கிணற்றுக்குப் போகும் வழி. ஆட்டு மந்தை இறங்கும் ஓடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் ஒரு மேடு.

முதல் கல்லை நட்டபோது மஞ்சள் முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவனுக்குத் தெரிந்தது ஒரே ஜெபம், கர்த்தர் கற்றுக்கொடுத்தது. அதைச் சொன்னான். "ஆமென்" என்று முடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்பா இல்லை.

சாயங்காலம் ஆற்றுத் துறைக்கு வந்து சேர்ந்தான். இதுதான் மோசமான இடம். பெண்கள் குடத்தோடு இறங்குகிறார்கள், வளைவில் எதுவும் தெரியாது. கூடையை இறக்கிவைத்துக் கல்லை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நாவல் மரத்தடியில் ஏற்கெனவே ஒரு கல் நின்றது. ஈரம் காயாத மஞ்சள். குங்குமத்தின் நடுவே ஒரு கட்டைவிரல் தடம், கரிக் கறுப்பில், ரேகை தெரிய.

சாலமோன் கைக்குட்டையை எடுத்து எச்சில் தொட்டு அந்தத் தடத்தைக் கவனமாகத் துடைத்தான். அதன் மேல் தன் விரலால் புதுக் குங்குமம் வைத்தான். சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் முன் வைத்தான்.

முறைப்படி இன்னொன்றைத் தான் பிடிக்க வேண்டும். அவனுக்குப் பழக்கமில்லை. பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்து, கண்ணில் நீர் வரும்வரை இருமினான்.